செப்பு அண்டாவில் மூன்று நாள்

ரப்பர் விலை படுத்துப்போய், ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. முப்பதுகளின் தொடக்கம். நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், கல்யாணமான புதிதில் மனைவியோடு இருந்தேன். இருபத்தாறு வயது. எஞ்சின் கொட்டகை அலுவலகத்தில் கிராணி வேலை. கிராணி என்றால் குமாஸ்தாதான். எந்த எஞ்சின் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதி வைக்க வேண்டும். அதற்கே ரயில் எல்லாம் என் பேனாவில்தான் ஓடுகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அந்த நினைப்புக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியது ஒரு கண்ணாடித் தொட்டி. எங்கள் அலுவலகத்தில் இருந்த வயதான துரை ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு சீமைக்குக் கிளம்பும்போது, வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மற்றவர்கள் நாற்காலி, விளக்கு என்று வாங்கிக்கொண்டார்கள். நான் அவருடைய கடல் மீன் தொட்டியைக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். கூடவே மண்ணால் செய்து மெருகு பூசிய பெரிய ஜாடி ஒன்றும் கொடுத்தார். மலாய்க்காரர்கள் தெம்பாயான் என்பார்களே, அது. துறைமுகத்துக் கடல் தண்ணீர் சேறு கலந்து வரும். அதை இந்த ஜாடியில் மூன்று நாள் அசையாமல் வைத்தால் சேறு அடியில் தங்கிவிடும், மேல் தண்ணீரை மட்டும் மொண்டு தொட்டியில் ஊற்று என்றார். ஏன் அந்த ஜாடி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கடல் முப்பது மைலுக்கு அப்பால். இன்று கிள்ளான் துறைமுகம் என்கிறோமே, அப்போது அதற்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். அங்கிருந்து வாரம் இரண்டு தகரம் தண்ணீர் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி நாறிப்போகும், மீன் செத்துப்போகும். துரைக்கு ஆள் அம்பு இருந்தது. எனக்கு யார் இருக்கிறார்கள்?

எனக்கு ஒருவர் கிடைத்தார். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருந்த பயர்மேன். துறைமுக ரயிலில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவி, மூன்று பிள்ளைகள். தொட்டி வந்த அன்று வேடிக்கை பார்க்க வந்தவர், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து ஒரு விரலை மட்டும் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். "தண்ணிக்கு நீங்க கவலைப்படாதீங்க கிராணி ஐயா. நான் தினமும் போற ஊருதானே. எஞ்சின்ல ரெண்டு தகரம் வச்சிட்டா யாரு கேக்கப் போறா?" என்றார்.

எஞ்சினில் சொந்தச் சாமான் ஏற்றக்கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் எழுதிய தாள் என் மேசைக்குப் பின்னால்தான் ஒட்டியிருந்தது. இருவருக்கும் தெரியும். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அவர் தண்ணீர் எடுக்கிற விதமே தனி. துறைமுகத்தில் எஞ்சினைத் திருப்பி, தண்ணீர் பிடித்து, மறுபடி கிளம்புவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதற்குள் கடல் ஏறுகிற நேரமா வற்றுகிற நேரமா என்று பார்ப்பார். ஏறும்போதுதான் எடுப்பார். வற்றும்போது ஆற்றுத் தண்ணீர் கலந்துவிடுமாம். ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். தகரங்கள் பழைய மண்ணெண்ணெய்த் தகரங்கள்தான். ஆனால் அவர் மனைவி சாம்பல் போட்டு எத்தனை முறை தேய்த்தாளோ, முகர்ந்து பார்த்தாலும் எண்ணெய் வாடை வராது. தண்ணீரோடு அவ்வப்போது உயிர்களும் வந்தன. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு நாலைந்து, தூணில் ஒட்டிக்கொண்டு விரல் விரலாக ஆடும் கடல் சாமந்தி ஒன்று, புள்ளி போட்ட தட்டை மீன்கள். ஒருநாள் ஈரத்துணியில் சுற்றி மூன்று கீச்சான்களைக் கொண்டு வந்தார். உடம்பில் வளைந்த கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன். தண்ணீரை விட்டுத் தூக்கினால் கீச் கீச் என்று கத்தும். அதைக் கத்த வைத்துக் காட்டிவிட்டு, பிள்ளையைப்போல் சிரித்தார்.

நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அவர் வந்தால் என் மனைவி காப்பி கொடுப்பாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு காப்பி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

எட்டு மாதம் ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் கூட்டம் கூடும். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பீற்றிக்கொள்வேன். பிரிக்பீல்ட்ஸில் கடல் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான் என்பேன். கடலைச் சுமந்து வந்தவர் பெயரை ஒருநாளும் சொன்னதாக நினைவில்லை.

பிறகு ஜாடி உடைந்தது. கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்ட மூங்கில் சாய்ந்து விழுந்து அடிவரை விரிசல் விட்டுவிட்டது. அதைப்போல இன்னொன்று தேடித் திரியச் சோம்பல். வீட்டில் இருப்பதிலேயே சுத்தமான பாத்திரம் எது என்று பார்த்தேன். என் மனைவி சீராகக் கொண்டு வந்த செப்பு அண்டா இருந்தது. தீபாவளிக்கு வெந்நீர் போடவும் விசேஷ நாளில் குடிதண்ணீர் வைக்கவும் மட்டும்தான் அதைத் தொடுவோம். செம்பில் வைத்த தண்ணீரைவிடச் சுத்தமான தண்ணீர் உண்டா? கோயிலில் தீர்த்தம்கூட அதில்தானே. என் மீன்களுக்கு அந்த மரியாதையைச் செய்கிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மனைவி ஒரு நிமிடம் தயங்கினாள். சீர்ப் பாத்திரத்தைக் கொடுக்க மனசில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். "துரை சொன்ன மொறைதானே இது?" என்று மட்டும் கேட்டாள். "எல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன்.

தண்ணீர் நின்ற இடத்தில் அண்டாவின் உள்ளே பச்சைக் கோடு விழுந்தது. அவள் ஒவ்வொரு முறையும் புளி போட்டுத் தேய்த்துத் தங்கம்போல் ஆக்கி வைப்பாள். நான் மறுபடி கடல் தண்ணீரை ஊற்றுவேன்.

முதலில் போனது கடல் சாமந்தி. விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் கரைந்து சளியாகிவிட்டது. அடுத்து சங்கு நண்டுகள் ஒவ்வொன்றாகச் சங்கை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தன. வீட்டை விட்டு வெளியே வந்து சாகும் உயிரை அன்றுதான் பார்த்தேன். அதன் பிறகு புள்ளி மீன்கள். மேல் தண்ணீரில் வந்து வாயைப் பிளந்தன. செதில் எல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் கெட்டுவிட்டது என்று அண்டாவிலிருந்து இன்னும் அதிகமாக மொண்டு மொண்டு ஊற்றினேன்.

மூன்றாவது வாரம் இரண்டு கீச்சான்கள் செத்தன. ஒன்றுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன கிராணி, கடல் வத்திப்போச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றைக்கு என் மூளையில் புகுந்தது, இன்றைக்கும் நினைக்க வெட்கமாக இருக்கிறது. எட்டு மாதம் சுமந்து சலித்துப்போய்விட்டான், துறைமுகப் படிக்கட்டில் இறங்கச் சோம்பல் பட்டு, ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் பிடித்து உப்பை அள்ளிப் போட்டுக் கொண்டு வருகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். எந்த ஆதாரமும் கிடையாது. படிக்காதவர், கரி அள்ளுகிறவர் என்பதைத் தவிர.

வழக்கம்போல் தகரங்களோடு வந்தார். சட்டை முழுக்கக் கரி. கையைக் கழுவப் போனவரை நிறுத்திக் கேட்டேன். "உண்மைய சொல்லு. இது கடல்ல எடுத்த தண்ணியா, குழாய்ல புடிச்சி உப்பு போட்டதா?"

அண்ணே என்று கூப்பிட்ட வாயால் முதல் தடவையாக 'நீ' என்றேன். அவருக்கு அதுதான் முதலில் உறைத்தது என்று நினைக்கிறேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து, தகரத்தில் ஒரு கை மொண்டு மடக்கென்று குடித்தார். துப்பவில்லை. விழுங்கினார்.

"கடல் தண்ணிங்க ஐயா" என்றார்.

உள்ளே இருந்து என் மனைவி காப்பி கொண்டு வந்தாள். அவர் வாங்கவில்லை. "கரையோரத் தண்ணி ஒத்துக்கலையோ என்னமோ. இனிமே சம்பான் புடிச்சி நடுக்கடலுக்குப் போயி எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பான் என்றால் துடுப்புப் போட்டுப் போகிற சின்னப் படகு. அவர் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நிஜமாகவே போயிருக்கிறார். தெரிந்த மலாய்க்காரர் ஒருவரின் சம்பானில் ஏறி, கரைச் சேறு கலங்காத இடம்வரை போய், இரண்டு தகரத்தையும் நிரப்பியிருக்கிறார். திரும்பும்போது நீரோட்டம் எதிரே இழுத்துவிட்டது. இங்கே எஞ்சின் தயாராக நிற்கிறது. டிரைவர் கத்துகிறார். பயர்மேனைக் காணோம். அவர் இரண்டு தகரத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்தபோது, அன்றைக்கென்று சோதனைக்கு வந்த அதிகாரி எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ரயில் இருபது நிமிடம் தாமதம். சும்மாவே ஆட்களைக் கழிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த காலத்தில் இருபது நிமிடம் என்பது சின்ன விஷயமில்லை.

அன்று மாலை நான் வீட்டில் இல்லாதபோது அவர் தகரங்களைக் கொண்டு வந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாட்டிக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நடுக்கடல்ல எடுத்ததுன்னு ஐயாகிட்ட சொல்லுங்கம்மா" என்று மட்டும் சொன்னாராம். அண்டாவில் பழைய தண்ணீர் இருந்ததால், என் மனைவி ஒரு தகரத் தண்ணீரைக் காலியாக இருந்த பெரிய ஊறுகாய் ஜாடியில் ஊற்றி மூடி வைத்தாள். இன்னொன்று தகரத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை விசாரணை. புதிய துரை என்னை அறைக்குள் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. வெளியே வராந்தாவில் பயர்மேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். துவைத்த சட்டை போட்டிருந்தார். உள்ளே நாங்கள் பேசுவது அவர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் புரியாது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

தண்ணீர் உனக்குத்தான் என்று இவன் சொல்கிறான், உண்மையா என்று துரை கேட்டார்.

மேசைமேல் ஒரு பட்டியல் கிடந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்போகிறவர்களின் பட்டியல். நான்தான் போன வாரம் அதற்குக் கோடு போட்டுக் கொடுத்தேன். கடைசியில் பல வரிகள் காலியாக இருந்ததும் எனக்குத் தெரியும். "எனக்குத் தண்ணீர் வருவது உண்மை. எஞ்சினில் வருகிறது என்பது எனக்குத் தெரியாது" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பயந்தவன் ஒரு வாக்கியத்தோடு விடமாட்டான். தெரிந்திருந்தால் நானே தடுத்திருப்பேன், ரயில்வே சட்டம் எனக்குத் தெரியாதா, அலுவலகத்தில் என் நடத்தையைப் பற்றி யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நீட்டிக்கொண்டே போனேன். கையைக் காலை ஆட்டிப் பேசினேன். துரை கையை உயர்த்திப் போதும் என்றார். வெளியே வந்தபோது பயர்மேன் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். எதற்குக் கும்பிடுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அன்று மத்தியானமே அவரை வேலையை விட்டு நீக்கி உத்தரவு வந்துவிட்டது. இரண்டு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேறு எங்கே வேலை இருக்கிறது? ஊருக்குப் போகிறவர்களோடு அவரையும் குடும்பத்தோடு துறைமுகக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். உத்தரவை இயந்திரத்தில் தட்டியது பக்கத்து மேசைக்காரர். தேதி போட்டு எடுத்து வைத்தது நான்.

வீட்டுக்கு வந்தால் கடைசிக் கீச்சான் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செத்தாலும் சாகட்டும் என்று தூக்கி ஊறுகாய் ஜாடித் தண்ணீரில் போட்டேன். தூக்கும்போது அது கத்தக்கூட இல்லை. காலையில் மூடியைத் திறந்து பார்த்தேன். நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தது!

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பார்த்தாயா, ஒரு அதட்டுப் போட்டதும் நல்ல தண்ணீர் கொண்டு வந்துவிட்டான், அப்படியானால் இத்தனை நாள் ஏமாற்றியது உண்மைதான் என்று நினைத்தேன். என் மனசு எவ்வளவு ஆறுதல்பட்டது தெரியுமா? அவர் திருடன் என்றால் நான் பொய்யன் இல்லையே.

மிச்சமிருந்த இன்னொரு தகரத் தண்ணீரை, அண்டாவைக் காலி செய்து, வழக்கம்போல் அதில் ஊற்றித் தெளிய வைத்தேன். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, தொட்டியை முழுக்கக் கழுவி அந்தத் தண்ணீரை ஊற்றினேன். கால்வாசிதான் நிறைந்தது. ஒரு மீனுக்கு அது போதும். கீச்சானை எடுத்து விட்டேன்.

சனிக்கிழமை காலையில் அது மறுபடி சாய்ந்து கிடந்தது. நான் கத்திய கத்தலில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மீனை அள்ளி மறுபடி ஜாடியில் போட்டேன். அவள் ஜாடியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் அவரு ஒரே நாளு கொண்டாந்த தண்ணிதானே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப வித்தியாசம் அண்டாதாங்க. ஊறுகாய யாராச்சும் செம்புல போட்டு வைப்பாங்களா? உப்பு பட்டா களிம்பு ஏறி வெசமாயிடுமே."

நான் அவளையே பார்த்தேன். "இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"துரை சொன்ன மொறைன்னு சொன்னீங்களே. மீனுக்கு அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்" என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதுதான் என்னை அடித்தது. பச்சைக் கோட்டை என் கண்ணால் பார்த்தேன். புளிச்சாற்றைச் செம்பில் வைக்காதே என்பது நம் வீட்டில் பள்ளிக்கூடம் போகாத பெண்ணுக்கும் தெரியும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

சட்டையை மாட்டிக்கொண்டு கடைசி வீட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. வியாழக்கிழமையே கொண்டுபோய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கிருந்து நேரே அலுவலகத்துக்கு நடந்தேன். துரையிடம் சொல்ல வேண்டிய இங்கிலீஷ் வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஐயா, நான் சொன்னது பொய், எஞ்சினில் வருவது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவ்வளவுதான். சின்ன வாக்கியம்.

துரை நிமிர்ந்து பார்த்து என்ன என்றார். அந்தப் பட்டியல் இன்னும் மேசையில்தான் இருந்தது. இப்போது முழுதாக நிரம்பியிருந்தது. கடைசி வரிக்குக் கீழே இன்னும் ஒரு பெயர் எழுத இடம் இருந்தது. நான், "அந்தப் பயர்மேன் நல்ல உழைப்பாளி, ஐயா" என்றேன். துரை, "இருக்கலாம். அது முடிந்துபோன விஷயம்" என்றார். சரி ஐயா என்று திரும்பி வந்துவிட்டேன். பேனாவை எடுத்து அன்றைய எஞ்சின் நேரங்களை எழுதினேன். கை நடுங்கவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறித் துறைமுகத்துக்குப் போனேன். என் மனைவி, பயர்மேனின் பிள்ளைகளுக்கு முறுக்கும் இரண்டு டப்பா பாலும் கொடுத்து அனுப்பினாள். கப்பலுக்குக் காத்திருப்பவர்களைத் தங்க வைத்திருந்த கொட்டகையில் எள் போட்டால் விழாது. மூட்டை, பாய், அழுகிற குழந்தைகள், கிருமிநாசினி வாடை. தோட்டத்து ஆட்கள்தான் அதிகம். ஒரு மூலையில் அவர் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த இடத்திலும், என்னை உட்கார வைக்க எதுவுமில்லையே என்று சுற்றும் முற்றும் தேடினார்.

அவர் முதலில் கேட்டது, "மீனு எப்படிங்க இருக்கு?" என்றுதான்.

"ஒன்னு பொழைச்சிருச்சிண்ணே. கீச்சான்."

"நான் துணியில சுத்திக் கொண்டாந்தேனே, அதா?"

"அதான். அண்ணே, தண்ணி நல்ல தண்ணிதான். ஆரம்பத்துலேர்ந்தே நல்ல தண்ணி. தப்பு எங்க வீட்டு அண்டாவுல. செப்பு அண்டா. நான்தான்..."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. என்னை முடிக்க விடவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா? தண்ணி நல்ல தண்ணியாம்! அண்டாவுல கோளாறாம்! ஐயாவே வந்து சொல்றாரு" என்றார். வேலை போய், வீடு போய், மூன்று பிள்ளைகளோடு எதுவுமில்லாத ஊருக்குக் கப்பலேறப் போகிற மனிதர், இந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவர்போல் சிரித்தார். எனக்கு அங்கேயே விழுந்து அழவேண்டும்போல் இருந்தது.

அப்போது அவர் மனைவி பேசினாள். அதற்கு முன் அவள் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. "தொரைகிட்ட எங்களுக்காக அவ்ளோ நேரம் பேசினீங்களாமே ஐயா. கைய ஆட்டி ஆட்டி சண்ட போட்டீங்கன்னு இவரு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சி போறாரு. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

வராந்தாவில் அவர் ஏன் என்னைக் கும்பிட்டார் என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அண்டாவின் தப்பைச் சொல்ல வந்த வாய்க்கு என் தப்பைச் சொல்ல வரவில்லை. நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். "ஐயாவால முடிஞ்சத செஞ்சாரு. நம்ம நேரம் சரியில்ல, அவ்ளோதான்" என்று அவர் என்னைத் தேற்றினார். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று சொன்னேன். வழக்கமாகச் சொல்கிற வார்த்தை. அங்கிருந்து யாரும் திரும்பி வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

கப்பல் புதன்கிழமை போனதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் எந்த விலாசத்துக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் கடிதம் எழுத வேண்டியிருக்குமே.

கீச்சான் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. ஞாயிறு தோறும் நானே துறைமுகம் போய், கடல் ஏறும் நேரம் பார்த்து, அவரைப்போலவே நாக்கில் வைத்துப் பார்த்து, தண்ணீர் எடுத்தேன். லக்கேஜ் சீட்டு வாங்கி, தகரங்களைச் சட்டப்படி சாமான் பெட்டியில் ஏற்றிக் கொண்டு வந்தேன். அப்படி ஒரு வழி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கிராணிக்கு அது தெரியாமலா இருக்கும்? தகரம் சுமக்கிறவனாக ரயிலில் யாரும் என்னைப் பார்த்துவிடக்கூடாது என்ற வீம்பு ஒன்றுதான் குறுக்கே நின்றது. ஊறுகாய் ஜாடியில் தெளிய வைத்தேன். தொட்டியைக் கழுவ மீனைத் தூக்கும்போதெல்லாம் அது கீச் கீச் என்று கத்தும். என் மனைவி சிரிப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அது செத்த அன்று தொட்டியை உடைத்துப்போட்டேன்.

விசாரணையில் நான் சொன்னதை என் மனைவியிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. அந்த அண்டா இன்னும் என் மகள் வீட்டில் இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைக்கிறாள். பட்டியலின் கடைசி வரிக்குக் கீழே என் பெயர் ஏறவே இல்லை. அந்த வேலையில்தான் தலை நரைக்கும்வரை இருந்து பென்ஷன் வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அத்தனையும், தனக்காக நான் சண்டை போட்டேன் என்று நம்பிக்கொண்டே கப்பலேறிப்போன ஒரு மனிதர் எனக்கு விட்டுக்கொடுத்த வாழ்க்கை. உண்மையை அவரிடம் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.